கொழும்பு ஈரத்துக்கு ஈடுகொடுக்கும் துணிப்பெட்டி: அளவெடுப்பது முதல் துவைத்துக் காயவிடுவது வரை

வீட்டில் சாமான் அடுக்க முதலில் கைக்கு அகப்படுவது காட்போட் பெட்டிதான். கொழும்பில் அது அதிக நாள் தாக்குப்பிடிப்பதில்லை. மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கியதும் மட்டை ஈரத்தை உறிஞ்சி அடி தொய்யும். மட்டைக்கும் அதிலுள்ள பசைக்கும் வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் வரும், சுவரோடு ஒட்டி வைத்தால் கறையானும் ஏறும். கடையில் அழகாக மடித்து விற்கும் துணிப்பெட்டிகள் பலவற்றிலும் துணிக்கு உள்ளே இருப்பது இதே மட்டைதான். அதைத் துவைக்க முடியாது, துவைக்காமல் பூஞ்சணமும் போகாது.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே நிபந்தனைதான்: பெட்டியை அப்படியே வாளித் தண்ணீரில் அமிழ்த்தித் துவைக்க முடிய வேண்டும். விறைப்பைத் துணியும், மின்னழுத்தியால் அழுத்தி அதன் பின்னால் ஒட்டும் ஃபியூசிங் என்ற விறைப்புப் படையும், தையலும் கொடுக்கட்டும். அடித்தட்டு மட்டும் கழற்றி எடுக்கக்கூடிய பிளாஸ்ரிக்காக இருக்கட்டும். கீழே வரும் ஒவ்வொரு தெரிவும் இதை மனதில் வைத்துச் செய்ததுதான்.

உதாரணத்துக்கு எடுத்திருப்பது 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் உள்ள ராக்கைப் பெட்டி. அளவை மாற்றுவதற்கான கணக்கும் இருக்கிறது.

துணி

வெளித்துணிக்கு நெருக்கமாக நெய்த பருத்தி ட்றில், கன்வஸ், டெனிம் மூன்றும் பொருத்தமானவை. சதுர மீற்றருக்கு 250 முதல் 340 கிராம் வரை எடையுள்ள துணி போதும். 10 அவுன்ஸ் கன்வஸ் என்று விற்பது ஏறத்தாழ 340 கிராம். கடையில் எடை தெரியாவிட்டால் துணியின் வெட்டு ஓரத்தை விரல்களுக்கிடையே பிடித்து 10 செ.மீ. அளவுக்கு மேலே நிமிர்த்திப் பாருங்கள். உடனே தலை சாயாமல் நின்றால் அது பெட்டிக்கு ஆகும். 400 கிராமுக்கு மேற்பட்ட டெனிம் இன்னும் விறைப்பாக நிற்கும்தான். ஆனால் வாய் ஓரத்தில், பக்கத் தையல் வரும் இடத்தில், எட்டு மடிப்பு ஒன்றாகச் சேரும். வீட்டு மெசின் அங்கே திணறிவிடும்.

உள்துணிக்குப் பொப்ளினோ நல்ல நிலையிலுள்ள பழைய படுக்கை விரிப்போ போதும். வெளிர் நிறமாக எடுங்கள். உள்ளே இருப்பதும் தெரியும், பூஞ்சணப் புள்ளி விழுந்தால் முதல் நாளே கண்ணில் படும்.

புறக்கோட்டையில், சிவப்புப் பள்ளிவாசல் இருக்கும் இரண்டாம் குறுக்குத் தெருவிலும் அதைச் சுற்றியும் துணி வாங்கலாம். ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத்துணிகளை நிறுத்து விற்கும் கடைகளில் நல்ல ட்றில் அகப்படும். அங்கே வாங்கும்போது துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நெசவுக் குறை, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நூலை இழுத்து எரித்தும் பார்க்கலாம்: பருத்தி சாம்பலாகும், பொலியெஸ்ரர் உருகிக் கட்டியாகும். பொலியெஸ்ரர் கூடாது என்பதில்லை, மின்னழுத்தியின் சூட்டைக் குறைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சோதனை.

மருதமுனைக் கைத்தறியின் கோடுகள் பெட்டிக்கு மிக அழகாக அமையும். நெசவு தளர்வாக இருப்பதால் ஓரம் பிரிந்துகொண்டே போகும். அதற்கு மட்டும், தையல் ஓரம் உட்பட முழுத் துண்டுக்கும் மெல்லிய ஃபியூசிங் ஒட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

றெக்சினும், பின்புறம் இறப்பர் போன்ற பூச்சுள்ள திரைச்சேலைத் துணியும் வேண்டாம். இந்த ஈரப்பதனில் அந்தப் பூச்சு சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். ஃபியூசிங்கும் அதில் ஒழுங்காக ஒட்டாது.

விறைப்பு எங்கிருந்து வருகிறது

அழுத்தினால் ஒட்டும் ஃபியூசிங் இரண்டு வகை. ஒன்று காகிதம் போன்றது, கையால் கிழியும். மற்றது நெய்த துணியின் பின்னால் பசைப் புள்ளிகள் வைத்தது. சேர்ட் கொலருக்குப் பாவிப்பது. விலை கூடினாலும் இரண்டாவதையே வாங்குங்கள். காகித வகை இரண்டு மூன்று தடவை துவைத்ததும் உள்ளே கசங்கி, வெளித்துணியில் சுருக்கமாகத் தெரியும். தையல் சாமான் கடைகளில் கொலர் ஃபியூசிங் என்று கேட்டால் மீற்றர் கணக்கில் தருவார்கள்.

ட்றிலுக்கு ஒரு படை போதாது, இரண்டு படை ஒட்டுங்கள். 340 கிராம் கன்வஸுக்கு ஒரு படை போதும். பைகளுக்கு வைக்கும் ஸ்பொஞ்சைத் தவிர்ப்பது நல்லது. பார்க்கத் தடிப்பாக, மென்மையாக இருக்கும். ஆனால் துவைத்தால் காய நாள்கணக்காகும், மழைக்காலத்தில் காய்வதற்கு முன்பே மணக்கத் தொடங்கிவிடும்.

அடித்தட்டுக்கு, விளம்பரப் பலகை செய்யப் பாவிக்கும் பிளாஸ்ரிக் தகடு (உள்ளே குழாய் குழாயாக இருக்கும்) 4 அல்லது 5 மி.மீ. தடிப்பில் போதும். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டு கேட்டால் கொடுப்பார்கள். 3 மி.மீ. மரத்தூள் பலகை ஓரத்தில் ஈரம் குடித்து ஊதும், அதை விட்டுவிடுங்கள்.

ஊசி, நூல், மெசின்

நேர்த்தையல் மட்டும் போடும் மெசினே போதும். சிங்கர் 1877 இலேயே இலங்கைக்கு வந்துவிட்டதால் பல வீடுகளில் பழைய கறுப்பு மெசின் ஒன்று மூலையில் இருக்கும். தடித்த துணிக்கு அது புதிய பிளாஸ்ரிக் உடம்பு மெசின்களைவிட நன்றாக உழைக்கும். எண்ணெய் விட்டு, பொபின் பெட்டியிலுள்ள தூசியைத் தூரிகையால் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஊசி 16 ஆம் இலக்கம், அதாவது 100. டெனிம் என்றால் 18. பழைய ஊசியில் துரு ஏறியிருந்தால் விரலால் தடவும்போதே சொரசொரக்கும், அதை எறிந்துவிடுங்கள். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வீட்டு மெசின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தொழிற்சாலை மெசின் ஊசியின் தண்டு முழு உருண்டை, அது வீட்டு மெசினுக்குப் பொருந்தாது. புறக்கோட்டையில் இரண்டும் விற்கும்.

நூல் பொலியெஸ்ரர் நூலாக இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தில் நாளாக நாளாக வலுவிழக்கும். சாதாரண 120 இலக்க நூல் பக்கத் தையலுக்குப் போதும். கைபிடிக்கும் வாய் ஓரத்துக்கும் 75 இலக்கம் பாவித்தால் நல்லது. இலக்கம் குறையக் குறைய நூல் தடிக்கும்.

அளவுக் கணக்கு

முதலில் ராக்கையை அளவுங்கள். பெட்டி ராக்கையின் அகலத்தைவிட 1 முதல் 1.5 செ.மீ. குறைவாகவும், உயரத்தைவிட 3 அல்லது 4 செ.மீ. குறைவாகவும் இருக்க வேண்டும். கை உள்ளே போக வேண்டுமல்லவா. வெளிச்சுவரோடு சேர்ந்த ராக்கை என்றால் பின்னால் 2 அல்லது 3 செ.மீ. காற்று ஓட விடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் பூஞ்சணம் முதலில் பிடிப்பது சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பின்பக்கத்தைத்தான்.

தையலுக்கு எல்லாப் பக்கமும் 1 செ.மீ. விடுகிறோம். ஒரு பெட்டிக்கு ஒரே அளவில் நான்கு துண்டுகள்: வெளித்துணியில் இரண்டு, உள்துணியில் இரண்டு.

துண்டின் அகலம் = பெட்டி நீளம் + பெட்டி அகலம் + 2
துண்டின் உயரம் = பெட்டி உயரம் + பெட்டி அகலத்தில் பாதி + 2
கீழ் மூலைகளில் வெட்டும் சதுரம் = பெட்டி அகலத்தில் பாதி

நம் பெட்டிக்கு அகலம் 30 + 20 + 2 = 52. உயரம் 20 + 10 + 2 = 32. சதுரம் 10 செ.மீ. சதுரத்தை வெட்டு ஓரத்திலிருந்தே அளக்க வேண்டும். தையல் கோட்டிலிருந்து அளந்து வெட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிச் செய்தால் பெட்டியின் அகலம் 2 செ.மீ. கூடி, உயரமும் நீளமும் குறைந்து, அடித்தட்டு பொருந்தாமல் போகும்.

அடித்தட்டு உறைக்கு உள்துணியில் 22 × 70 செ.மீ. துண்டு ஒன்று. கைபிடிக்கு வெளித்துணியில் 10 × 26 செ.மீ. பட்டி ஒன்று. ஃபியூசிங் 50 × 30 அளவில் படைக்கு இரண்டு துண்டுகள்.

44 அங்குல அகலத் துணியில் வெளித்துணி அரை மீற்றர், உள்துணி 65 செ.மீ. வாங்கினால் சரி. இரண்டு 52 செ.மீ. துண்டுகள் பக்கத்தில் பக்கமாக 104 செ.மீ. பிடிக்கும். 44 அங்குலம் என்பது ஏறத்தாழ 112 செ.மீ., அதில் துவைத்தபின் சுருங்குவதும் கழியும். அதிகம் சுருங்கும் கன்வஸ் என்று சந்தேகம் இருந்தால் வெளித்துணியை 80 செ.மீ. வாங்கி, துண்டுகளை மேலும் கீழுமாக வெட்டுங்கள்.

வெட்டுமுன் துவைத்தல்

அவசரத்தில் எல்லோரும் தாண்டிவிடும் படி இதுதான். பின்னால் பெட்டி கோணலாவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 வீதம் சுருங்கும், தளர்வான கன்வஸ் அதற்கு மேலும் சுருங்கும். வெளித்துணி ஒரு அளவும் உள்துணி இன்னொரு அளவும் சுருங்கினால் தைத்த பெட்டி உள்நோக்கி முறுக்கிக்கொள்ளும். கடைத்துணியில் உள்ள கஞ்சிப் பசை போகாவிட்டால் ஃபியூசிங்கும் பிடிக்காது.

இளஞ்சூடான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, சவர்க்காரம் போட்டு அலசி, முறுக்காமல் கொடியில் போடுங்கள். கடும் நிறத் துணியைத் தனியாக ஊறவைத்து, ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். நிறம் ஏறினால் ஏறாமல் நிற்கும்வரை அலச வேண்டும், இல்லாவிட்டால் அது உள்துணியிலும் உள்ளே வைக்கும் சேலையிலும் பிடிக்கும். லேசான ஈரம் இருக்கும்போதே அழுத்தினால் துணி நேராக வரும்.

வெட்டுதல்

துணியின் கரை, துண்டின் ஏதாவது ஒரு பக்கத்துக்குச் சரியாக இணையாக இருக்க வேண்டும். சரிவாக வெட்டிய துண்டு இழுபடும், அதில் தைத்த பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். சோக்கால் கோடு போட்டு, மூலைகளை ஒரு புத்தகத்தின் மூலையை வைத்துச் சரிபாருங்கள். நான்கு துண்டுகளையும் வெட்டியபின் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கீழ் மூலைச் சதுரங்களை இரண்டிரண்டு துண்டாக வெட்டினால் பிசகு வராது.

ஃபியூசிங்கின் கீழ் மூலைகளிலும் 10 செ.மீ. சதுரமே வெட்ட வேண்டும். அதை வெளித்துணியின் உட்பக்கத்தில் எல்லா ஓரத்திலிருந்தும் 1 செ.மீ. உள்ளே தள்ளி வைத்தால் தையல் கோட்டில் அது முடிந்துவிடும், தையல் ஓரங்கள் தடிக்காது.

ஃபியூசிங் ஒட்டுவது

பசைப் புள்ளிகள் உள்ள பக்கம் துணியின் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். தலைகீழாக வைத்தால் பசை மின்னழுத்தியில்தான் ஒட்டும். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருப்பது பசைப் பக்கம்.

மேலே ஈரம் பிழிந்த மெல்லிய துணி ஒன்றை விரியுங்கள். மின்னழுத்தியைப் பருத்திச் சூட்டில் வைத்து, நடுவிலிருந்து தொடங்கி, ஓரிடத்தில் 12 முதல் 15 விநாடி கைப்பலத்தோடு அமர்த்துங்கள். பிறகு தூக்கி அடுத்த இடத்தில், முன்னையதோடு கொஞ்சம் மேவும்படி வையுங்கள். உடுப்பு அழுத்துவதுபோல இழுக்கக் கூடாது. இழுத்தால் உருகிய பசையோடு ஃபியூசிங் நகர்ந்து, ஆறியதும் அலையலையாக நிற்கும். முழுவதும் முடிந்ததும் துண்டைக் கையில் எடுக்காமல் அதே இடத்தில் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். பசை இறுகுவது சூட்டில் இல்லை, ஆறும்போதுதான்.

ஆறியபின் ஒரு மூலையை நகத்தால் நெம்பிப் பாருங்கள். எளிதாக எழுந்தால் சூடோ நேரமோ போதவில்லை, திரும்ப அழுத்தலாம். இரண்டாம் படையை முதல் படை ஆறியபிறகே வைக்க வேண்டும். அதை எல்லாப் பக்கமும் இன்னும் 3 மி.மீ. சிறிதாக வெட்டினால் மடிப்புகள் கூர்மையாக வரும். பொலியெஸ்ரர் கலந்த துணியில் சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள், முதலில் ஒரு வெட்டுத்துண்டில் செய்துபார்த்துவிட்டு.

கைபிடி

ராக்கைப் பெட்டிக்கு முன்பக்கத்தில் ஒரு கைபிடி போதும். துண்டு தட்டையாக இருக்கும்போதே தைத்துவிட வேண்டும், பெட்டியான பிறகு மெசினுக்குள் போகாது.

10 செ.மீ. பட்டியின் இரு நீள ஓரங்களையும் நடுக்கோட்டுக்கு மடித்து அழுத்தி, மறுபடி இரண்டாக மடித்தால் 2.5 செ.மீ. அகலம் வரும். இரு ஓரமும் 2 மி.மீ. உள்ளே தையல் போடுங்கள். முனைகளை 1.5 செ.மீ. உள்ளே மடித்தால் நீளம் 23 செ.மீ. இதை வெளித்துண்டு ஒன்றின் நடுவில், மேல் வெட்டு ஓரத்திலிருந்து 6 செ.மீ. கீழே, வெளிமுனைகளுக்கிடையே 20 செ.மீ. இருக்கும்படி வையுங்கள். அந்த 3 செ.மீ. தொய்வில்தான் விரல் நுழையும். இரு முனையிலும் சதுரம் தைத்து, அதற்குள் குறுக்காகப் பெருக்கல் குறி போடுங்கள். தைக்கும் இடத்துக்குப் பின்னால் 4 செ.மீ. கன்வஸ் துண்டு ஒன்றை வைத்துச் சேர்த்துத் தைப்பதை மறக்க வேண்டாம். கைபிடி கழன்று வரும்போது நூல் அறுவது குறைவு, துணிதான் கிழியும்.

இரும்பு வளையமும் கண்ணும் வைத்துக் கயிறு கோக்கும் முறையைக் கடற்கரையோர வீடுகளுக்குச் சொல்லமாட்டோம். உப்புக்காற்றில் அது துருப்பிடித்துத் துணியில் கறை வட்டம் போடும்; அந்தக் கறை எளிதில் போவதில்லை.

வெளிப்பெட்டி

தையல் நீளம் 3 மி.மீ. எல்லாத் தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னும் மூன்று நான்கு தையல் ஓட்டுங்கள்.

முதலில் அடித்தையல். இரண்டு துண்டுகளையும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து, இரு சதுரங்களுக்கிடையேயுள்ள 32 செ.மீ. ஓரத்தைத் தையுங்கள். தையல் ஓரத்தை இரு பக்கமும் விரித்து அழுத்தி, வெளிப்பக்கத்திலிருந்து தையலின் இருபுறமும் 3 மி.மீ. தள்ளி ஒவ்வொரு மேல்தையல். பாரம் முழுவதும் விழுவது இந்தக் கோட்டில்தான்.

பிறகு மேலிருந்து சதுரம் வரை இரண்டு பக்கத் தையல், ஒவ்வொன்றும் 22 செ.மீ. சுருட்டிய துவாய் ஒன்றை உள்ளே செருகி, அதன்மேல் வைத்துத் தையல் ஓரங்களை விரித்து அழுத்துங்கள்.

இப்போது மூலை. வெட்டிய சதுர வாயைப் பிடித்து, பக்கத் தையலும் அடித்தையலும் ஒன்றையொன்று நேரே தொடும்படி தட்டையாக்குங்கள். இரண்டும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று தையலுக்குள் குண்டூசியைச் செங்குத்தாகக் குத்திப் பாருங்கள், மறுபக்கத்திலும் தையலிலேயே வெளிவர வேண்டும். வெட்டு ஓரம் 18 செ.மீ.தான் இருக்கும். ஆனால் 1 செ.மீ. உள்ளே வரும் தையல் கோடு 20 செ.மீ. வரும், ஏனென்றால் இரு முனையிலும் துணி சரிவாக மடிகிறது. மடிப்பிலிருந்து மடிப்பு வரை தைக்க வேண்டும். வெட்டு ஓரத்தின் அளவுக்கு மட்டும் தைத்து நிறுத்தினால் மூலையில் இரண்டு சிறு ஓட்டைகள் மிஞ்சும். முதல் தையலுக்கு 2 மி.மீ. வெளியே, தையல் ஓரத்தில், இன்னொரு தையல் போடுங்கள்.

மெசின் தடக்கும் இடம் இங்கேதான். தையல் முகட்டில் ஏறும்போது, துணியை அமர்த்திப் பிடிக்கும் மெசின் பாதம் மூக்கை உயர்த்திச் சாயும், ஊசி தையலைத் தவறவிடும். பாதத்தின் பின்பக்கத்துக்குக் கீழே, முகட்டின் அதே தடிப்புக்கு மடித்த துணியைச் செருகினால் பாதம் மட்டமாகிவிடும். முகட்டை முன்கூட்டியே சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி நசுக்கலாம். அந்த நாலைந்து தையலைக் கைச்சக்கரத்தைச் சுழற்றியே போடுங்கள். துணியைப் பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் குத்தி முறியும்.

அடியில் நூல் கூடுகட்டினால் பொபினைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் மேல்நூல்தான் இறுக்கத் தட்டுகளுக்கிடையே உட்காரவில்லை. பாதத்தை உயர்த்திவிட்டு மேல்நூலை முதலிலிருந்து கோத்துவிடுங்கள்.

உள்துணி

அதே ஒழுங்கு. ஒரே வித்தியாசம், தையல் ஓரம் 1 செ.மீ. அல்ல, 1.3 செ.மீ. பக்கத் தையல்களை மட்டும் மேலே 1 செ.மீ. இல் தொடங்கி, 3 செ.மீ. இறங்குவதற்குள் 1.3 க்குச் சரித்துக்கொள்ளுங்கள். அப்போது வாய் இரண்டும் ஒரே சுற்றளவாக இருக்கும். உள்ளே போகப் போக உள்துணி மட்டும் சிறிதாகும். அளவு மாற்றாமல் தைத்தால் உள்துணி பெட்டிக்குள் தொளதொளவென்று கிடந்து, சாமான் எடுக்கும்போது கூடவே எழும்பும்.

வாய் ஓரம்

உள்துணியில் ஓட்டை விட்டு முழுப் பெட்டியையும் அதன் வழியே வெளியே புரட்டும் முறை மெல்லிய துணிக்குச் சரி. இரண்டு படை ஃபியூசிங் ஒட்டிய ட்றிலை அப்படிப் புரட்டினால் ஃபியூசிங் மடிந்து, அழியாத கோடுகள் விழும். அதனால் இறக்கி வைக்கும் முறையே இதற்கு ஏற்றது.

வெளிப்பெட்டியின் வாயை 1 செ.மீ. உள்ளே மடித்து அழுத்துங்கள், ஃபியூசிங்கின் விளிம்பிலேயே மடிப்பு தானாக விழும். உள்துணியின் வாயை 1.2 செ.மீ. வெளிப்புறமாக மடித்து அழுத்துங்கள். பக்கத் தையல் வரும் இடங்களில் மடிப்புக்குள் போகும் தையல் ஓர மூலைகளைச் சரிவாக வெட்டிவிட்டால் எட்டு மடிப்புத் தடிப்புக் குறையும். வெளிப்பெட்டியை நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்பி, உள்துணியைத் திருப்பாமல் உள்ளே இறக்குங்கள். பக்கத் தையல்கள் பொருந்தட்டும். உள்துணி விளிம்பு 2 மி.மீ. கீழே நிற்க வேண்டும். அப்போதுதான் முன்னாலிருந்து தெரியாது. குண்டூசி இந்தத் தடிப்பில் வளையும், உடுப்புக் கிளிப்பே போதும்.

தையல் நீளத்தை 3.5 ஆக்கி, விளிம்பிலிருந்து 3 மி.மீ. இல் ஒரு சுற்று, 1 செ.மீ. இல் இன்னொரு சுற்று. பின்பக்கத்தில் தொடங்கி அங்கேயே முடியுங்கள்.

நான்கு நிமிர் விளிம்புகள்

இந்தப் படியைச் செய்யாத பெட்டி மூட்டைபோல உருண்டு நிற்கும், செய்தால் பெட்டியாக நிற்கும். வாய் ஓரத்தில் ஒவ்வொரு பக்கத் தையலிலிருந்தும் இருபுறமும் 10 செ.மீ. அளந்து குறியிடுங்கள். குறியிலிருந்து அடி மூலை வரை இரு துணியையும் சேர்த்துக் கிள்ளி மடித்து அழுத்தி, மடிப்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே மேலிருந்து கீழே தையுங்கள். அடிக்கு ஒன்றரை சென்ரிமீற்றர் மேலே நிறுத்தலாம், அதற்குக் கீழே பாதம் போகாது. பெட்டி ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 4 மி.மீ. சிறுக்கும். அடித்தட்டைக் கடைசியில் வெட்டச் சொல்வது இதனால்தான்.

அடித்தட்டும் உறையும்

பெட்டியின் உள் அடியை அளந்து, இரு பக்கமும் 5 மி.மீ. குறைத்துப் பிளாஸ்ரிக் தகட்டை வெட்டுங்கள். நம் பெட்டிக்கு ஏறத்தாழ 29 × 19 வரும். தகட்டின் உள்ளே ஓடும் குழாய்கள் பெட்டியின் நீளப்பக்கமாகப் போக வேண்டும், குறுக்கே போனால் பாரத்தில் நடுவே மடியும். மூலைகளை நாணயத்தை வைத்து வட்டமாக வெட்டாவிட்டால் அவை உள்துணியைக் குத்திக் கிழிக்கும்.

22 × 70 துண்டின் இரு குறுகிய ஓரங்களையும் 1.5 செ.மீ. மடித்துத் தையுங்கள். தலையணை உறைபோல நடுவில் ஒன்றன்மேல் ஒன்று மேவும்படி, நல்ல பக்கம் உள்ளே வர, மொத்தம் 30 செ.மீ. நீளத்துக்கு மடித்து, இரு பக்கமும் 1 செ.மீ. இல் தைத்துத் திருப்பினால் உறை தயார். சிப்பும் வேண்டாம், ஒட்டும் பட்டியும் வேண்டாம்.

வேறு அளவுகள்

பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கு 35 × 35 × 35 பெட்டி: துண்டு 72 × 54.5, சதுரம் 17.5. 25 செ.மீ. உயரத்துக்கு மேலே ஃபியூசிங் மட்டும் போதாது, வெளித்துணி கன்வஸாகவே இருக்க வேண்டும், ஃபியூசிங்கும் இரண்டு படை வேண்டும். தரையில் வைக்கும் பெட்டிக்குக் கைபிடி இரண்டு தேவை. எதிரெதிர்ப் பக்கமாக, முன் துண்டின் நடுவிலும் பின் துண்டின் நடுவிலும் தைத்தால் பக்கத் தையலில் இடிக்காது.

குளியலறை, கண்ணாடி மேசைச் சிறு சாமானுக்கு 15 × 15 × 12: துண்டு 32 × 21.5, சதுரம் 7.5. பழைய ஜீன்ஸ் கால் இதற்குப் போதும்.

குசினியில் வெங்காயம், உள்ளிக்கு என்றால் ஃபியூசிங்கே வேண்டாம். காற்று ஊடுருவ வேண்டும், அடிக்கடி துவைக்கவும் வேண்டும். இரண்டு பக்கமும் கன்வஸ் வைத்துத் தைத்து, வாயை 5 செ.மீ. வெளியே மடித்துவிட்டால் தானாக நிற்கும். சேலை வைக்கும் பெட்டிக்கு உள்துணி நிறமேற்றாத பருத்தியாக இருக்கட்டும்.

துவைப்பதும் காயவிடுவதும்

அடித்தட்டை எடுத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் சவர்க்காரத்தோடு ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து அலசுங்கள். முறுக்க வேண்டாம், ஃபியூசிங் உள்ளே உடையும். தலைகீழாக, இரண்டு கொடிகளுக்கு நடுவே அல்லது கதிரைக் காலில் கவிழ்த்துக் காயவிடுங்கள். கடைசியாகக் காய்வது அடி மூலைகள். மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று எடுத்து வைத்தால் இரண்டு நாளில் அந்த மூலையிலிருந்துதான் பூஞ்சணம் தொடங்கும். மழைக்காலத்தில் மின்விசிறிக்கு நேரே ஒரு முழு நாள் விட்டு, மூலையைக் கிள்ளிப் பார்த்த பின்பே தட்டைப் போடுங்கள்.

பூஞ்சணம் பிடித்துவிட்டால் முதலில் வெளியே கொண்டுபோய்க் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள், அறைக்குள் தட்டினால் தூள் பரவும். பிறகு ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, சவர்க்காரத்தில் துவைத்து வெயிலில் போடுங்கள். நிறத் துணியில் குளோரின் ஊற்ற வேண்டாம், நிறத்தோடு நூலின் பலமும் போகும். துவைத்துக் காய்ந்தபின் ஃபியூசிங் எங்காவது எழும்பியிருந்தால், வெளிப்பக்கத்தில் ஈரத் துணி போட்டு அந்த இடத்தை மறுபடி 15 விநாடி அமர்த்தி ஆறவிடுங்கள், நெய்த ஃபியூசிங் பெரும்பாலும் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.